வேலையின்மை 3.1 விழுக்காடு, எங்கள் லைன் மூடிவிட்டது. எந்த அரசாங்கத் திட்டம் உண்மையில் கைகொடுக்கிறது?

பிறைவாசி
12 ஏப்ரல் 2025, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். சித்திரைப் புத்தாண்டு நேரத்தில் இப்படி ஒரு இழை தொடங்குவதற்கு மன்னிக்கவும்.

பினாங்கில், பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு மின்னியல் உதிரிபாகத் தொழிற்சாலையில் எட்டு வருடம் இருந்தேன். மெஷின் ஆப்பரேட்டராகச் சேர்ந்து லைன் லீடர் வரைக்கும் வந்தேன். மார்ச் 31-ஆம் தேதியோடு எங்கள் லைனை மூடிவிட்டார்கள். டிரம்ப் ஏப்ரல் 2-ஆம் தேதி மலேசியாவுக்கு 24 விழுக்காடு வரி அறிவித்ததால்தான் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது இல்லை. எங்களுக்கு நோட்டீஸ் வந்தது அதற்கு முன்பே. வேலையை வேறு நாட்டுக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

எனக்கு வயது 41. அடிப்படைச் சம்பளம் மாதம் 2,400 வெள்ளி (ரிங்கிட்). மனைவி ஒரு கிளினிக்கில் பகுதி நேரம் போகிறார். பெரியவன் ஆறாம் ஆண்டு, சின்னவள் மூன்றாம் ஆண்டு. வீட்டுக்கடன் இன்னும் பதினேழு வருடம் இருக்கிறது.

பிப்ரவரி மாத வேலையின்மை 3.1 விழுக்காடு என்று புள்ளிவிவரத் துறை சொல்லியிருக்கிறது. நாடு முழுவதும் 5 லட்சத்துக்குச் சற்று மேல். கோவிட் காலத்தில், 2020 மே மாதத்தில், 5.3 வரைக்கும் போனதை நினைத்தால் இது நல்ல எண்தான். ஆனால் அந்த எண்ணுக்குள் இப்போது நானும் ஒருவன். வேலையின்மையைக் குறைக்க அரசாங்கம் இத்தனை வருடமாக எத்தனையோ திட்டம் போட்டிருக்கிறது. அதில் எது உங்களுக்குக் கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை? அனுபவத்தில் இருந்து சொல்லுங்கள். கட்சிப் பேச்சு வேண்டாம்.

சம்பளப்பிரிவு_பாயான்
12 ஏப்ரல் 2025, இரவு 10:15

தம்பி, கொள்கையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் உங்கள் கையில் வரவேண்டியதை வாங்குங்கள். நான் பாயான் லெப்பாஸில் மனிதவளப் பிரிவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். ஆள்குறைப்புக் கடிதம் என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். அது ஒரு கொடுமையான வேலை.

சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் கீழ் சிப் இருக்கிறது, அதாவது வேலைக் காப்புறுதி. 2017-இல் சட்டமானது, 2018 ஜனவரியில் இருந்து நம் சம்பளத்தில் 0.2 விழுக்காடும் முதலாளியிடம் 0.2 விழுக்காடும் பிடிக்கிறார்கள். வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாவது மாதம் 50, மூன்றாவதும் நான்காவதும் 40, ஐந்தாவதும் ஆறாவதும் 30. எத்தனை மாதம் என்பது எவ்வளவு காலம் சந்தா கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆறு மாதம்தான் அதிகபட்சம். 2,400 வெள்ளிக்குக் கணக்குப் போட்டால் முதல் மாதம் 1,920, அப்புறம் 1,200, 960, 960, 720, 720. மொத்தம் ஏறக்குறைய 6,500 வெள்ளி.

வேலை போன நாளில் இருந்து 60 நாளுக்குள் மனு போட்டாக வேண்டும். "பார்க்கலாம், முதலில் நானே தேடிப் பார்க்கிறேன்" என்று இருந்துவிட்டு மூன்றாவது மாதம் வந்து கேட்டவர்களை எனக்குத் தெரியும். நம் ஆட்களிடம் இந்தத் தயக்கம் அதிகம். இது தானமில்லை, நீங்கள் மாதாமாதம் கட்டிய பணம்.

இன்னொன்று. ராஜினாமா என்று எழுதிய எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தானாக விலகியவருக்கு சிப் கிடைக்காது. ஆள்குறைப்பு என்றால் ஆள்குறைப்பு என்றே எழுதித் தரச் சொல்லுங்கள்.

தொழிற்சாலை தர வேண்டியது தனி. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு 8 வாரம் நோட்டீஸ், அதோடு ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். உங்களுக்கு எட்டு வருடம் என்றால் 160 நாள் சம்பளம், சுமார் 12,600 வெள்ளி. வேலை முடிந்து 7 நாளுக்குள் தர வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டு விதி. தந்துவிட்டார்களா?

பிறைவாசி
12 ஏப்ரல் 2025, இரவு 10:31

நன்றி அக்கா. நோட்டீஸ் சரியாகக் கொடுத்தார்கள். இழப்பீட்டில் பாதி வந்திருக்கிறது, மீதி மாதக் கடைசியில் என்கிறார்கள். சிப்புக்கு இன்னும் மனு போடவில்லை. நீங்கள் சொன்ன அந்தத் தயக்கம்தான் காரணம்.

ஒரு சந்தேகம். முன்பு ஓவர்டைம் சேர்த்து 3,200 வரை வரும். கடைசி ஆறு மாதமாக ஆர்டர் குறைந்து ஓவர்டைம் இல்லாமல் போய்விட்டது. சிப் எதை வைத்துக் கணக்கிடும்?

சம்பளப்பிரிவு_பாயான்
12 ஏப்ரல் 2025, இரவு 10:38

கடைசி ஆறு மாதச் சராசரி. ஓவர்டைமும் சொக்சோ கணக்கில் சேரும், ஆனால் உங்களுக்கு அந்த ஆறு மாதத்தில் ஓவர்டைமே இல்லையே. இது அந்தச் சட்டத்தின் பலவீனம் என்றுதான் நான் நினைக்கிறேன். எந்தத் தொழிற்சாலையும் மூடுவதற்கு முன் முதலில் வெட்டுவது ஓவர்டைமைத்தான். கையில் வந்த 3,200-க்கு ஏற்றபடி குடும்பச் செலவு இருக்கும், உதவித்தொகையோ 2,400-க்குக் கணக்காகும்.

மீதி இழப்பீட்டுக்கு மாதக் கடைசி வரை பொறுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள், செலவில்லை.

தோட்டத்துப்பிள்ளை
13 ஏப்ரல் 2025, காலை 6:50

நான் நிபோங் திபால் பக்கம். 68 வயது. தம்பி பிறைவாசி, இந்த ஊர் வேலையின்மையை ஒருமுறை வென்ற ஊர். அதை நேரில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1969-இல் பினாங்கு தன் வரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. தீவின் பிழைப்பே துறைமுகம்தான். மூட்டை தூக்கியவர்கள், தோணிக்காரர்கள், கிடங்கில் கணக்கு எழுதியவர்கள் எல்லாருக்கும் அடி விழுந்தது. நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வேலை இல்லாத காலம் அது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

வேலையின்மைக்கு அரசாங்கம் செய்தது என்று என் நினைவில் முதலில் நிற்பது நல்ல விஷயம் இல்லை. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும் என்று ஆனது. இங்கேயே பிறந்தும், வளர்ந்தும், பத்திரம் சரியாக இல்லாததால் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்த நம் ஆட்கள் தோட்டங்களில் எத்தனையோ பேர். என் சிற்றப்பா குடும்பம் பினாங்குத் துறைமுகத்தில் இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் ஏறியது. சித்தி கையில் அரைத்த மிளகாய்ப் பொடி ஒரு டின் இருந்தது, அதை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதார். திரும்பி வரவே இல்லை. ஆளை வெளியேற்றினால் வேலை கேட்பவர் எண்ணிக்கை குறையும். ஆனால் அதை வேலைவாய்ப்புக் கொள்கை என்று என்னால் சொல்ல முடியாது.

அப்புறம் வந்ததுதான் சரியான கொள்கை. 1969-இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ அதே ஆண்டு பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். 1971-இல் கூட்டரசு அரசாங்கம் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் கொண்டுவந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸில் நெல் வயலாகக் கிடந்த நிலத்தில் வட்டாரம் எழுந்தது. நிலத்தைச் சமன் செய்து, சாலை போட்டு, மின்சாரமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரே அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போய் கம்பெனிகளின் கதவைத் தட்டினார். வரிவிலக்கும் கொடுத்தார்கள். இன்டெல் 1972-இல் வந்தது, அமெரிக்காவுக்கு வெளியே அது போட்ட முதல் உற்பத்திக் கூடம் இதுதான். நேஷனல் செமிகண்டக்டர், ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ் என்று முதலில் வந்த எட்டையும் சேர்த்து எட்டு சாமுராய் என்பார்கள்.

என் அக்கா 1973-இல் சேர்ந்தார். அப்போது பாலம் கிடையாது, அது 1985-இல்தான் திறந்தார்கள். விடியுமுன் தோட்டத்தில் இருந்து பஸ், பட்டர்வொர்த்தில் ஃபெரி, அந்தப் பக்கம் இறங்கினால் மறுபடி ஃபேக்டரி பஸ். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டும் வேலை. பால்மரம் வெட்டப் போக வேண்டியவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை, எனக்கு ஒரு ஜோடி பாத்தா சப்பாத்து. நான் ஐந்தாம் பாரம் வரை படித்தது அக்காவின் கண்ணை அடமானம் வைத்துத்தான். முப்பத்தைந்து வயதிலேயே அவருக்குப் பார்வை மங்கிவிட்டது.

விலையும் இருந்தது. மின்னியல் தொழிலாளர்களுக்குத் தேசியத் தொழிற்சங்கம் அமைக்க அனுமதி இல்லை. 1988-இல்தான் கம்பெனிக்குள் சங்கம் வைக்க விட்டார்கள். கம்பெனி வரவேண்டும் என்பதற்காகத் தொழிலாளியின் வாயைக் கட்டி வைத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் வேலை வந்தது. தானாக வரவில்லை, திட்டம் போட்டு வரவழைத்தார்கள்.

ஜெலுத்தோங்_காற்று
13 ஏப்ரல் 2025, பிற்பகல் 1:05

ஐயா, உங்கள் அக்காவைப் பற்றி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவும் எண்பதுகளில் பாயான் லெப்பாஸ்தான்.

ஆனால் என் தலைமுறைக்கு நிலைமை வேறு. எனக்கு 26 வயது, வணிக நிர்வாகத்தில் பட்டம். இப்போது உணவு டெலிவரி ஓட்டுகிறேன். புள்ளிவிவரத் துறையின் கணக்கில் நான் வேலையில்லாதவன் இல்லை. கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர் என்று கணக்கு. அது உலகம் முழுக்க இருக்கும் வரையறை, அதில் ஏமாற்று இல்லை. ஆனால் 3.1 என்ற எண் என் நிலையைச் சொல்லாது. அதே துறை வெளியிடும் இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும். பட்டம், டிப்ளோமா முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படிப்புக்குக் கீழான வேலையில் இருக்கிறார்கள்.

மைஸ்டெப் என்று 2021-இல் கொண்டுவந்தார்கள். அரசாங்கத்திலும் அரசு சார்பு நிறுவனங்களிலும் 50,000 குறுகிய கால ஒப்பந்த வேலை. அப்படி ஓர் அரசு சார்பு நிறுவனத்தில் ஒரு வருடம் இருந்தேன். வேலை நன்றாகத்தான் இருந்தது, சிப் சந்தாவும் பிடித்தார்கள். வருடம் முடிந்ததும் நன்றிக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிப் கேட்டால் ஒப்பந்தம் முடிவது வேலை இழப்பு ஆகாது என்று பதில். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அரசாங்கமே குறுகிய கால வேலையை உருவாக்குகிறது, அது முடியும்போது அரசாங்கத்தின் காப்புறுதி எங்களைச் சேர்ப்பதில்லை. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இப்போது ஓட்டும் வேலையிலும் அதே கதை. சுயதொழில் செய்பவர்களுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொக்சோ கட்டுகிறேன். விபத்து நடந்தால் பாதுகாப்பு உண்டு. நாளைக்கே ஆப்பில் என் கணக்கை முடக்கினால் ஒன்றும் கிடையாது. கிக் தொழிலாளருக்கு, அதாவது என்னைப் போல ஆப் வழியாக வேலை செய்பவர்களுக்கு, தனிச் சட்டம் வரப் போகிறது என்கிறார்கள். அதில் இது இருக்க வேண்டும்.

அச்சுக்கடை
13 ஏப்ரல் 2025, மாலை 5:20

முதலாளி பக்கத்தில் இருந்து ஒரு குரல். புக்கிட் மெர்தாஜாமில் சின்ன அச்சகம், ஆறு தொழிலாளர்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புக்.

எனக்குக் கைகொடுத்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், 2020-இல் கொடுத்த சம்பள உதவித்தொகை. மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை, ஒரு ஆர்டர் இல்லை. முதலில் ஓர் ஆளுக்கு 600 வெள்ளி என்று அறிவித்தார்கள், சின்னக் கடைகள் கத்தியதும் ஏப்ரலில் 75 பேர் வரை இருக்கும் நிறுவனங்களுக்கு 1,200 ஆக்கினார்கள். ஆறு பேருக்கு மூன்று மாதம், 21,600 வெள்ளி. ஆறு மாதம் யாரையும் நிறுத்தக் கூடாது, சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்பது நிபந்தனை. நான் ஒருவரையும் நிறுத்தவில்லை. அந்த ஆறு பேரில் ஐந்து பேர் இன்றும் என்னிடம்தான். பைண்டிங் செய்யும் அண்ணனை அன்றைக்கு அனுப்பியிருந்தால் அவருடைய கைவேலைக்கு இன்றைக்கு எனக்கு ஆள் கிடைத்திருக்காது.

வேலை போன பிறகு ஒருவருக்கு உதவுவதைவிட, வேலை போகாமல் பிடித்து வைப்பது செலவும் குறைவு, மன வேதனையும் குறைவு என்று நான் நம்புகிறேன். தொழிற்சாலை லைன் மூடும்போது மட்டும் ஏன் இது இல்லை?

குறைந்தபட்சச் சம்பளம் பிப்ரவரியில் இருந்து 1,700 ஆகிவிட்டது. 2013-இல் 900. நான் எதிர்க்கவில்லை, 1,700-இல் குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் பத்திரிகையின் விலையை என்னால் அந்த வேகத்தில் ஏற்ற முடியவில்லை. ஏழாவதாக ஓர் ஆள் எடுக்க நினைத்தேன், தள்ளி வைத்திருக்கிறேன். படிப்படியான சம்பளக் கொள்கையில் சம்பளம் ஏற்றும் முதலாளிக்கு ஓர் ஆளுக்கு 200, 300 வெள்ளி என்று ஒரு வருடம் வரை தருகிறார்கள். பதின்மூன்றாவது மாதம் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

சம்பளப்பிரிவு_பாயான்
13 ஏப்ரல் 2025, இரவு 8:02

அச்சுக்கடை அண்ணே, உங்கள் கேள்விக்கு என் பதில். நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்ததும் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் திரும்பி வரும் என்று அரசாங்கத்துக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் பிடித்து வைத்ததில் அர்த்தம் இருந்தது. பிறைவாசி தம்பியின் லைன் திரும்பி வராது. திரும்பாத வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆளை அங்கேயே உட்கார வைத்தால் அவருக்கு இரண்டு வருடம் வீணாகும். அந்தப் பணத்தை அவர் அடுத்த வேலைக்குப் போகும் வழியில் செலவழிக்க வேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். 1,200, 1,500, 1,700 என்று ஒவ்வொரு முறை ஏறும்போதும் எங்கள் பகுதியில் ஆள் தேவை அப்படியேதான் இருந்தது. சம்பளம் குறைவு என்பதால்தான் நம் பிள்ளைகள் ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போகிறார்கள்.

கப்பளா_பத்தாஸ்
13 ஏப்ரல் 2025, இரவு 9:11

எல்லாவற்றுக்கும் காரணம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களை எல்லாம் அனுப்பிவிட்டால் நாளைக்கே நமக்கு வேலை.

தோட்டத்துப்பிள்ளை
13 ஏப்ரல் 2025, இரவு 9:30

தம்பி, என் சிற்றப்பாவை ஏற்றி அனுப்பியபோது பேசிய பேச்சும் இதுதான். வேண்டாம்.

சம்பளப்பிரிவு_பாயான்
13 ஏப்ரல் 2025, இரவு 9:52

கோபம் புரிகிறது. ஆனால் உள்ளூர்த் தொழிலாளிக்குச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்பை நாம் பயன்படுத்துவதில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 60என் என்று ஒரு பிரிவு. ஆள்குறைப்பு செய்யும்போது அதே மாதிரி வேலையில் இருக்கும் வெளிநாட்டவர்களை முதலில் நிறுத்திய பிறகுதான் உள்ளூரை நிறுத்தலாம். ஆள்குறைப்புக்கு 30 நாள் முன்பே முதலாளி தொழிலாளர் இலாகாவுக்குப் படிவம் கொடுக்க வேண்டும். தம்பி, உங்கள் லைனில் அப்படி நடந்ததா?

உற்பத்தித் துறையில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 1,850 வெள்ளி லெவி, அதாவது அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை. மெஷின் வாங்குவதைவிட இது மலிவு என்று முதலாளிகள் நினைக்கும் வரைக்கும் சம்பளமும் ஏறாது, திறனும் வளராது. தவறு கொள்கையில் இருக்கிறது. கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு இங்கே வந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் நேப்பாளிப் பையனிடம் இல்லை.

பிறைவாசி
13 ஏப்ரல் 2025, இரவு 10:20

எங்கள் லைனில் நேப்பாளிகள் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களைத்தான் முதலில் அனுப்பினார்கள். அதில் ஒருவன் எனக்குக் கீழே நான்கு வருடம் வேலை செய்தவன், போகும்போது என் மகளுக்கு ஒரு கம்பளித் தொப்பி கொடுத்துவிட்டுப் போனான்.

மஞ்சள்கொன்றை
14 ஏப்ரல் 2025, காலை 11:40

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். பாயசம் அடுப்பில் இருக்கும்போது எழுதுகிறேன், சுருக்கமாக.

நாட்டில் வேலைக்குப் போகும் வயதில் உள்ள ஆண்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் தொழிலாளர் கணக்கில் இருக்கிறார்கள், பெண்களில் 56 பேர் அளவுதான். மீதிப் பேர் வேலை தேடவில்லை என்பதால் வேலையில்லாதவர் கணக்கில்கூட வருவதில்லை. நான் அதில் ஒருத்தி. கணக்காளர் உதவியாளராக இருந்தேன், இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு நின்றுவிட்டேன். 2023 ஜனவரியில் இருந்து நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுத்தில் மனு போடலாம், முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் அது வேலையில் இருப்பவருக்கு. வேலைக்குத் திரும்ப நினைப்பவள் நேர்முகத் தேர்விலேயே அதைக் கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். பிள்ளை பராமரிப்புக்குப் பட்டர்வொர்த்தில் இரண்டு பிள்ளைகளுக்கு எனக்குச் சொன்ன விலை, நான் வாங்கப் போகும் சம்பளத்தில் பாதி. தொழிற்பேட்டையிலேயே ஒரு நல்ல பராமரிப்பு நிலையம் இருந்தால் நாளைக்கே வேலைக்குப் போவேன்.

பட்டறை_ஆசிரியர்
14 ஏப்ரல் 2025, இரவு 8:45

நேற்றில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். திறன் பயிற்சித் துறையில் பயிற்றுநராக இருக்கிறேன். மெஷின், மின்னியல் பராமரிப்பு இரண்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பெரியவர் சொன்ன கதைக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் பினாங்குத் தொழிற்சாலைகளுக்குக் கை மட்டும் போதவில்லை, திறன் தேவைப்பட்டது. 1989-இல் மாநில அரசாங்கமும் தொழிற்சாலைகளும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். போட்டி போடும் கம்பெனிகளே தங்கள் மெஷினையும் ஆட்களையும் கொடுத்து, எங்களுக்கு இந்த இந்த வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று பாடத்தை வகுத்தார்கள். படித்து முடித்தவனுக்குப் போக இடம் தெரியும்.

இன்றைய பயிற்சித் திட்டங்களில் எனக்கு இருக்கும் குறை இதுதான். பாதிப் பயிற்சிகளுக்கு மறுமுனையில் முதலாளி இல்லை. மனிதவள மேம்பாட்டுக் கழகம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகளிடம் சம்பளத்தில் ஒரு விழுக்காடு லெவி வாங்குகிறது. பணம் இருக்கிறது. வகுப்பும் நடக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்று எழுதுகிறோம். ஆறு மாதம் கழித்து அவன் எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறான் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

சிப்பிலும் பயிற்சி இருக்கிறது. பயிற்சிக் கட்டணம் 4,000 வெள்ளி வரை தருகிறார்கள், அது நல்லது. ஆனால் பயிற்சிக்கு வரும் நாளுக்கு உதவித்தொகை அதிகபட்சம் 20 வெள்ளி. பிள்ளைகுட்டிக்காரன் 20 வெள்ளியில் எப்படி மூன்று மாதம் வகுப்பில் உட்காருவான்? என் வகுப்பில் பாதியில் நின்றவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. அந்த வாரம் லோரி ஓட்ட ஆள் வேண்டும் என்று யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்கள்.

2005-இல் ஜெர்மனி முறையைப் பார்த்து தேசிய இரட்டைப் பயிற்சி முறை என்று கொண்டுவந்தார்கள். வேலையிடத்தில் 70, 80 விழுக்காடு, வகுப்பில் மீதி. பயிலும்போதே கையில் பணம். இது விரிந்திருக்க வேண்டும். கடந்த மே மாதம் தேசிய செமிகண்டக்டர் வியூகத்தைப் பிரதமர் அறிவித்தபோது 60,000 பொறியாளர்களை உருவாக்குவோம் என்றார், 25 பில்லியன் வெள்ளி அரசாங்க உதவி என்றார். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு பொறியாளருக்குப் பின்னால் எத்தனை டெக்னீஷியன் வேண்டும் என்று தொழிற்சாலைக்குள் இருப்பவனுக்குத் தெரியும். பிறைவாசி மாதிரி ஆட்களை அந்தக் கணக்கில் சேருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

தம்பி பிறைவாசி, உங்களுக்கு ஒரு தகவல். எட்டு வருடம் லைனில் இருந்தவர் புதிதாக வகுப்பில் உட்கார்ந்து ஆரம்பத்தில் இருந்து படிக்கத் தேவையில்லை. முன் அனுபவத்தை வைத்தே எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்க பி.பி.டி. என்று ஒரு வழி இருக்கிறது, திறன் மேம்பாட்டு இலாகா தருவது. நீங்கள் செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஷிப்ட் ரிப்போர்ட், மெஷின் செட்டப் ஷீட், உள்பயிற்சிச் சான்றுகள், மேலதிகாரி கையெழுத்து. மதிப்பீட்டாளர் வந்து நேரில் கேள்வி கேட்பார். உங்கள் கையில் இருக்கும் வேலைக்கு இப்போது ஒரு காகிதம் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் அடுத்த தொழிற்சாலை உங்களை மறுபடி ஆப்பரேட்டராகப் பார்க்கிறது.

ஜெலுத்தோங்_காற்று
14 ஏப்ரல் 2025, இரவு 9:25

ஆசிரியரே, பட்டம் இருப்பவர்களுக்கும் அந்த இரட்டைப் பயிற்சி உண்டா? நான் தயார். வெள்ளைச் சட்டை வேலைதான் வேண்டும் என்று எனக்கு இல்லை.

பட்டறை_ஆசிரியர்
14 ஏப்ரல் 2025, இரவு 9:33

உண்டு. முதலாளி ஒருவர் உங்களைப் பயிலுநராக எடுக்க ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் முக்கியம். தனிச்செய்தியில் எழுதுங்கள், பத்து காவான் தொழிற்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

பிறைவாசி
22 ஏப்ரல் 2025, இரவு 10:05

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

16-ஆம் தேதி சிப்புக்கு மனு போட்டேன். நினைத்த அளவு கஷ்டமில்லை, இணையத்திலேயே முடிந்தது. ஆள்குறைப்புக் கடிதம், அடையாளக் கார்டு, வங்கிக் கணக்கு. அரசாங்க வேலை தேடும் தளமான மைஃபியூச்சர்ஜோப்ஸில் பெயரைப் பதிந்து நேர்முகத்துக்கும் போகிறேன். அதில் வரும் அறிவிப்புகளில் பாதி 1,700, 1,800 வெள்ளிக்குத்தான்.

நேற்று பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள். ஆப்பரேட்டர் வேலை, 2,000 வெள்ளி. உடனே சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் சிப்பில் மீதி இருப்பதில் 25 விழுக்காடு மொத்தமாகக் கிடைக்கும் என்று அதிகாரி விளக்கினார். மனைவி, அவசரப்படாதே, என் சம்பளத்தில் இரண்டு மாதம் ஓட்டலாம், அந்தச் சான்றிதழை வாங்கிவிட்டு லைன் லீடராகவே போ என்கிறார். இரவெல்லாம் யோசித்தேன். சிப்பின் முதல் இரண்டு மாதம் 80, 50 விழுக்காடு வரும். அதற்குள் பி.பி.டி. கோப்பை முடித்துவிட்டு டெக்னீஷியன் வேலைக்கு மனு போடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பத்து காவானில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சரியா தவறா என்று தெரியவில்லை. ஐயா, அக்கா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தோட்டத்துப்பிள்ளை
23 ஏப்ரல் 2025, காலை 6:35

நல்ல முடிவு. உன் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்.

சம்பளப்பிரிவு_பாயான்
23 ஏப்ரல் 2025, காலை 8:10

நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஒருமுறை 2,000-க்கு இறங்கிவிட்டால் அடுத்த முதலாளி உங்கள் கடைசிச் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் பேசுவார். ஆனால் ஒவ்வொரு மாதமும் வேலை தேடியதற்கான ஆதாரம் காட்ட வேண்டும், இல்லையென்றால் பணம் நிற்கும். போகும் ஒவ்வொரு நேர்முகத்தையும் தேதியோடு எழுதி வையுங்கள். மீதி இழப்பீடு என்ன ஆயிற்று?

பிறைவாசி
23 ஏப்ரல் 2025, இரவு 9:15

30-ஆம் தேதி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வரவில்லை என்றால் மே 2-ஆம் தேதி தொழிலாளர் இலாகாவில் நிற்பேன்.

எங்கள் லைனில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் இரண்டு விஷயம். நமக்கு 60 நாள் கெடு மே 30-இல் முடிகிறது. குறைந்தது பதினோரு பேர் இன்னும் மனு போடவில்லை என்று எனக்குத் தெரியும். இணையம் வராது என்றால் என் வீட்டுக்கு வாருங்கள், ஏழு மணிக்கு மேல் இருப்பேன், நானே போட்டுத் தருகிறேன். அப்புறம் நம் சூப்பர்வைசர் இந்த மாதக் கடைசி வரைதான் ஆபீசில் இருப்பார். பழைய ஷிப்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வாருங்கள். ஸ்டோர் ரூமில் 2019-இல் இருந்து கோப்புகள் இருக்கின்றன, அடுத்த வாரம் அவற்றை எல்லாம் அழிக்கப் போகிறார்கள்.